மூன்று கோப்புகளும் ஒரு பெயரும்

புத்தூர்ச் செம்மண்ணில் வெங்காயத் தோட்டமொன்றுக்கு எத்தனை மணி நேரம் நீர் இறைப்பது, மின்சாரத்துக்கு எவ்வளவு போகும் என்று கணக்கிடும் சிறு செய்நிரலைச் சி மொழியில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். மெயின்.சி, இறைப்பு.சி, செலவு.சி என மூன்று கோப்புகள். தனித்தனியே தொகுத்தால் ஒரு குறையும் இல்லை. சேர்க்கும்போதுதான் ‘அண்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ என்று வந்து நிற்கிறது. சி படிக்கும் பிள்ளைகள் பலர் சோர்ந்துபோகும் இடம் இது.

இங்கே பிழை சொல்வது தொகுப்பான் அல்ல, இணைப்பான். தொகுப்பான் ஒவ்வொரு சி கோப்பையும் மற்றதைப் பாராமலே மாற்றி ‘.ஓ’ கோப்பாக வைக்கும். உள்ளே ஒரு பெயர்ப் பட்டியல் இருக்கும்: தன்னிடம் உள்ளவை, வெளியிலிருந்து வேண்டியவை. இணைப்பானுக்குச் சி மொழி தெரியாது. இந்தப் பெயர்களைத்தான் பொருத்திப் பார்க்கும். கிரேஸ் ஹாப்பர் 1952இல் யூனிவாக் கணினிக்கு உருவாக்கிய ஏ-0 கூட, துணைநிரல்களைத் தேடியெடுத்துச் சேர்க்கும் வேலையைத்தான் செய்தது.

ஆகவே நிரலை வரிவரியாகத் திருத்தத் தொடங்காமல் பட்டியலைத் திறந்து பாருங்கள். லினக்ஸில் ‘என்எம் மெயின்.ஓ’ என்று கொடுத்தால், வேண்டிய பெயருக்கு முன் ‘யூ’ என்றும், உள்ள செயற்கூற்றுக்கு முன் ‘டி’ என்றும் காட்டும். ‘யூ’ உள்ள பெயருக்கு எங்கும் ‘டி’ இல்லையென்றால், கட்டளையில் செலவு.ஓ விடுபட்டிருக்கும், அல்லது பெயரில் ஓரெழுத்து மாறியிருக்கும். வர்க்கமூலம் போன்ற கணிதச் செயற்கூறுகள் என்றால் ‘-எல்எம்’ சேர்க்க வேண்டும், அதுவும் கட்டளையின் கடைசியில்.

மற்றப் பிழை ‘மல்டிபிள் டெஃபினிஷன்’. மின்கட்டண வீதத்துக்கான மாறியைத் தலைப்புக் கோப்பில் ‘இன்ட் வீதம்;’ என்று எழுதி, மூன்று கோப்புகளிலும் சேர்த்துவிடுகிறோம். முன்பு ஜி.சி.சி. என்ற தொகுப்பான் இதைப் பொறுத்துக்கொண்டது, மூன்றையும் ஒன்றாக்கிவிடும். 2020 மே மாதம் வெளிவந்த 10ஆம் பதிப்பிலிருந்து அந்தச் சலுகை இயல்பாகக் கிடைப்பதில்லை. நன்றாக ஓடிய பழைய செய்நிரல்கள் எத்தனையோ புதிய கணினியில் இணைய மறுத்தன. எழுதியவர் எதையும் மாற்றவில்லை, கருவி மாறிவிட்டது.

தலைப்புக் கோப்பில் ‘இஃப்என்டெஃப்’ காவல் போட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். போதாது. அது ஒரே சி கோப்புக்குள் இருமுறை நுழைவதைத்தான் தடுக்கும். கோப்புகளோ தனித்தனியே தொகுக்கப்படுகின்றன. தலைப்பில் ‘எக்ஸ்டேர்ன் இன்ட் வீதம்;’ என்று அறிவித்து, செலவு.சியில் மட்டும் வரையறுப்பதே சரியான வழி. ‘-எஃப்காமன்’ என்ற தெரிவு பழைய சலுகையை மீட்டுத் தரும். வேறொருவரின் பழைய நிரலை அவசரத்துக்கு ஓட்டிப் பார்க்க அது உதவும், புதிதாக எழுதுவதில் அதைச் சேர்க்காதீர்கள்.