ட்ரோமா என்று சொல்லும்போது

கணக்குப் பரீட்சை முடிந்து அம்பாறைக் கரையோர ஊரான திருக்கோவிலில் பஸ் ஏறும் பிள்ளைகள், "இன்டைய பேப்பர் பெரிய ட்ரோமா" என்கிறார்கள். காதல் முறிந்தாலும் ட்ரோமா, மாமியார் ஏசினாலும் ட்ரோமா. உளமருத்துவரின் சொல் பஸ்சுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

இந்தக் கரைக்கு அந்தச் சொல் வந்த வழி நமக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையிலேயே மிக அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். பிறகு தறப்பாள் கூடாரங்களோடும் வள்ளங்களோடும் சொற்களும் வந்து இறங்கின. கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்ற 'பஃபர் ஸோன்', முகாமுக்கு முகாம் 'கவுன்சிலிங்', அதோடு 'ட்ரோமா'.

கிரேக்கத்தில் ட்ரோமா என்றால் உடற்காயம். விபத்தில் எலும்பு முறிந்து வருபவரை இன்றைக்கும் அறுவைச் சிகிச்சை மருத்துவர்கள் 'ட்ரோமா கேஸ்' என்றே சொல்வார்கள். ஜெர்மனிய நரம்பியல் மருத்துவர் ஹெர்மன் ஓப்பன்ஹைம் 1889ல் விபத்துகளுக்குப் பின் வரும் நரம்புக் கோளாறுகளுக்கு இதே பெயரை வைத்து நூல் எழுதினார். 1980ல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பின்னான மனவழுத்தக் கோளாறு) என்ற நோயைச் சேர்த்துக்கொண்டது. வழமையான மனித அனுபவத்துக்கு அப்பாற்பட்ட நிகழ்வு நேர்ந்திருக்க வேண்டும் என்பது அப்போதைய நிபந்தனை. பின்னர் அந்த வேலி தளர்ந்தது. இப்படி உளவியல் சொற்கள் பக்கவாட்டில் புதிய அனுபவங்களையும், கீழ்நோக்கி இலேசான அனுபவங்களையும் உள்ளே இழுத்துக்கொள்வதை ஆஸ்திரேலிய உளவியலாளர் நிக் ஹஸ்லம் 2016ல் விரிவாக எழுதினார்.

சொல் பரவியதில் நன்மை உண்டு. மனநோய் என்றால் கூசுகிற வீட்டில்கூட 'ட்ரோமா' என்று வாய்திறக்க முடிகிறது. ஆனால் அலைச் சத்தம் கேட்டாலே உடம்பு நடுங்கி, அந்தக் காலைநேரம் கண்முன் திரும்பத் திரும்ப வருகிற ஒருவர் அதே சொல்லைச் சொன்னால், "எல்லாருக்கும்தானே இருக்கு" என்று பதில் கிடைக்கிறது. எனக்கு இதுதான் கவலை.

நம் ஊரின் சொல் 'யோசினை'. "யோசினை கூடித்து, நித்திரை வருகுதில்ல, தலையிடிக்குது" என்று ஒரு தாய் சொல்வதில் துக்கம், கடன், பிள்ளைகளின் எதிர்காலம் எல்லாம் கிடக்கும். அதைத் தலையிடி என்று மட்டும் எழுதிப் பனடோல் கொடுத்து அனுப்பினால் அவளுடைய நோயைத் தவறவிடுகிறோம். வடக்கின் போரை ஆராய்ந்த உளமருத்துவர் தயா சோமசுந்தரம், இழப்பு தனியொருவரை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே உடைக்கிறது என்று 2007ல் எழுதினார். ஆறுதலும் அப்படித்தான் வருகிறது. கல்முனையில் மௌத்தான வீட்டில் கத்தம் ஓதுகிறார்கள். திருக்கோவிலில் ஆடி அமாவாசைக்குக் கடலில் தீர்த்தமாடிப் பிதிர்க்கடன் கொடுக்கிறார்கள்.

பேரிடரைக் கண்டவர்களில் பெரும்பாலோர் உறவுகளின் துணையோடு மெல்லத் தேறிவிடுகிறார்கள். உடனே பிடித்து உட்கார வைத்து, ஒரே அமர்வில் நடந்ததையெல்லாம் சொல்லவைக்கும் முறை பயன் தரவில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. கெட்ட கனவும், திடுக்கிடலும், அந்த இடத்துப் பக்கமே போகாமல் ஒதுங்குவதும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வேலையைக் குலைத்தால் மருத்துவரிடம் போக வேண்டும். தேசிய மனநல உதவி எண் 1926. நோயின் பெயர் தெரிய வேண்டியதில்லை. நித்திரை வருகுதில்லை, யோசினை விடுகுதில்லை என்று பேச்சைத் தொடங்கலாம்.