ஒடிசியஸின் தழும்பு

இருபது ஆண்டுகள் கழித்துப் பிச்சைக்காரக் கோலத்தில் வீடு திரும்பிய ஒடிசியஸை, கால் கழுவிவிட்ட முதிய செவிலித்தாய் ஒரு தழும்பைக் கொண்டே அடையாளங் கண்டாள் என்கிறது ஹோமரின் காவியம். இளமையில் காட்டுப்பன்றியின் கொம்பு கிழித்த தழும்பு அது. நேயர்களே, அந்த வீரனின் பெயரையே சூடிய இன்னொரு தழும்பு வானத்தில் உண்டு. சனிக்கிரகத்தின் சந்திரன்களுள் ஒன்றான தெதிஸின் உடலில் அது கிடக்கின்றது.

தெதிஸை 1684 இல் கசினி என்ற வானியலறிஞர் கண்டுபிடித்தார். அதன் குறுக்களவு ஏறத்தாழ 1,060 கிலோமீற்றர். அடர்த்தியோ தண்ணீரினதைவிடச் சற்றுக் குறைவு. அப்படியானால் அது பெரும்பாலும் பனிக்கட்டியால் ஆனதென்று கொள்ளவேண்டும். 1981 இல் அதனருகே சென்ற வொயேஜர் 2 அனுப்பிய படங்களிலேதான் அந்தப் பெருங்குழி தெரியவந்தது. குறுக்களவு சுமார் 445 கிலோமீற்றர். சனியின் மற்றொரு சந்திரனான மிமாசை முழுதாகத் தூக்கி அதனுள் வைத்துவிடலாம்.

இத்தகைய அடி வாங்கிய உடல் சிதறிப் போகாதது எப்படி? மோதல் நிகழ்ந்த காலத்தில் தெதிஸின் உட்புறம் இன்றுள்ளதிலும் வெப்பமாக, இளகிய தன்மையோடு இருந்திருக்கவேண்டும் என்பது ஆய்வாளர் சொல்லும் காரணம். விறைத்துப்போன பனி உடையும். இளகிய பனி வளைந்து கொடுக்கும். குழியின் தோற்றமும் இதற்குச் சாட்சி. மிமாசின் பெருங்குழி செங்குத்தான சுவர்களோடு கிண்ணம் போல ஆழ்ந்திருக்க, ஒடிசியஸின் தரையோ தெதிஸின் உருண்டை வடிவத்தையே தழுவி மெல்லக் குவிந்து நிற்கின்றது. பனி பன்னெடுங்காலமாக மெதுவாக வழிந்து, காயத்தைத் தானே தூர்த்திருக்கிறது. இன்று மேற்பரப்பின் குளிர் பூச்சியத்துக்குக் கீழ் 180 பாகை செல்சியசையும் தாண்டும். அந்தக் குளிரில் பனி பாறைக்குச் சமம்.

குழியின் நடுவேயுள்ள மலைகளுக்கு ஸ்கேரியா என்று பெயர். கப்பல் உடைந்த ஒடிசியஸ் கரையொதுங்கிய தீவு அது. பெயரிட்டவர்கள் காவியம் படித்தவர்கள்தாம்! தெதிஸில் பெனலோப்பி என்ற குழியும் உண்டு.

இனித்தான் வழக்கு வருகின்றது. தெதிஸின் சுற்றளவில் முக்காற்பங்கை வளைத்தோடும் பள்ளத்தாக்கு ஒன்று இருக்கிறது. நீளம் 2,000 கிலோமீற்றருக்குங் கூட, அகலம் சுமார் 100, ஆழம் 3 முதல் 5 கிலோமீற்றர் வரை. அதன் பெயர் இதாக்கா. ஒடிசியஸ் குழியைத் துருவமாக வைத்தால் அப்பள்ளத்தாக்கு ஏறத்தாழ அதன் மத்தியகோடு போலவே அமைகின்றது. ஆகவே, மோதலின் அதிர்ச்சிதான் ஓட்டைப் பிளந்தது என்று பலர் கருதினர். கதை அழகானதுதான். இலக்கியக்காரராகிய நமக்கு இவ்வளவு பொருத்தம் கண்டால் வேறு சாட்சி தேட மனம் வராது.

ஆனால், 2004 இல் சனியை அடைந்த கசினி விண்கலத்தின் படங்களை வைத்துச் சிறு குழிகளை எண்ணிப் பார்த்தார்கள். எண்ணுவதன் நியாயம் எளிது. நேற்று மெழுகிய முற்றத்தைவிட முந்தின கிழமை மெழுகிய முற்றத்தில் கோழிக்கால் தடங்கள் அதிகமாக இருக்குமல்லவா? அவ்வாறே இதாக்காவின் மேல் சிறு குழிகள் கூடுதலாயும் ஒடிசியஸின் தரையில் குறைவாயும் காணப்பட்டன. எனவே பள்ளத்தாக்கே மூத்தது. பிறவாத மோதல் அதைப் பிளந்திருக்க முடியாது. காவியத்திலும் இதாக்கா ஒடிசியஸுக்கு முந்தியதுதானே!

அப்படியானால் பிளந்தது எது? தெதிஸின் உள்ளே முன்பு ஒரு கடல் இருந்து, அது உறைந்தது என்பதே இப்போது கூடுதல் வலுவுள்ள விளக்கம். வாய்வரை தண்ணீர் நிரப்பி மூடிய போத்தலை உறைய வைத்தால் வெடிப்பது தெரிந்ததே. உறையும் நீர் பருக்கும். மேலோடு இழுபட்டுப் பிளக்கும். அந்தக் கடலை உருகிய நிலையில் வைத்திருந்த வெப்பம், அயற் சந்திரனான டயோனியோடு தெதிஸின் சுற்றுப்பாதை ஒரு காலத்தில் இசைந்திருந்ததால், சனியின் ஈர்ப்பு அதைப் பிசைந்து பிசைந்து எழுப்பிய வெப்பமாகலாம் என்று சிலர் கணித்திருக்கிறார்கள்.