கல்வராயன் மலையில் ஒரு திரையின் செலவுக் கணக்கு

ஒரு திறன்மிகு வகுப்பறைக்கு ஆகும் செலவு 1,98,561 ரூபாய். தமிழ்நாட்டில் 22,931 வகுப்பறைகளுக்கு 455.32 கோடி ரூபாய் என்ற அரசின் அறிவிப்பை வகுத்தால் வரும் தொகை இது. தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் 79,723 பேருக்குக் கைக்கணினி வாங்க ஒதுக்கிய 101.48 கோடியை வகுத்தால் ஆளுக்கு 12,729 ரூபாய். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு 3,090 உயர்நிலைப் பள்ளிகளுக்கும் 2,939 மேல்நிலைப் பள்ளிகளுக்கும் உயர் தொழில்நுட்ப ஆய்வகம் அமைக்க 437.78 கோடி அறிவிக்கப்பட்டது. பள்ளிக்கு ஏறத்தாழ 7.26 லட்சம். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் செலவு 7,000 கோடியைத் தாண்டியது.

இவை வீண் செலவு என்று நான் சொல்லமாட்டேன். காசு கொடுத்துக் கணினி வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைக்கு அரசு வாங்கித் தருவது நியாயம். ஆனால் அறிவிப்பில் வருவது வாங்கும் விலை மட்டும். ஓட்டும் செலவும் காக்கும் செலவும் எந்த மேடையிலும் வாசிக்கப்படுவதில்லை. அந்த இரண்டையும் கல்வராயன் மலையில் வைத்துக் கூட்டிப் பார்க்க வேண்டும். சமவெளியில் சிறிதாகத் தெரியும் செலவு மலையில் பெரிதாகிவிடும்.

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி மலையேறினால் வெள்ளிமலை, கரியாலூர், இன்னாடு. 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்த மலை இது. சாமையும் கேழ்வரகும் மரவள்ளியும் போடும் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களில் பலர், வேலை தேடி வெளியூர் போய் வருகிறவர்கள். இங்கே பள்ளி நடத்துவதும் ஒரே துறை இல்லை. பள்ளிக்கல்வித்துறைப் பள்ளிகள் உண்டு, பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகள் உண்டு, வெள்ளிமலையில் ஒன்றிய அரசின் ஏகலவ்யா பள்ளியும் உண்டு. ஒரு திரை பழுதானால் யாரிடம் மனு எழுதுவது என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும்.

முதலில் திறன்மிகு வகுப்பறைத் திரையை வாங்கிய விலையைப் பிள்ளைகளுக்குப் பங்கிடுவோம். ஆண்டுக்கு 220 வேலைநாள், திரையின் ஆயுள் 5 ஆண்டு என்று வைத்துக்கொள்கிறேன். 40 பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் தினமும் பயன்பட்டால் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 4 ரூபாய் 51 காசு. வாரம் ஒரு நாள் மட்டும் போட்டால் அதுவே 22 ரூபாய் 56 காசு. மலைக்கிராமத்துச் சிறு பள்ளியில் 15 பிள்ளைகள்தான் என்றால் தினமும் போட்டாலே 12 ரூபாய்; வாரம் ஒரு நாள் என்றால் 60 ரூபாய். உறை பிரிக்காமல் அலமாரியில் பூட்டி வைத்த திரைக்கு இந்தக் கணக்கே போட முடியாது. விலையைத் தீர்மானிப்பது கொள்முதல் ஒப்பந்தம் என்று நினைக்கிறோம். உண்மையில் அதைத் தீர்மானிப்பது வகுப்பறையின் கால அட்டவணை.

அடுத்தது கரண்ட். 200 வாட் இழுக்கும் திரை நாளைக்கு இரண்டு மணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு 88 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றே போட்டாலும் 704 ரூபாய்தான். ஆனால் மழைக்காலத்தில் மலையில் கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று சேதாரம் போக அந்தத் திரையை ஆறு மணி நேரம் தாங்கும். அதன் விலையை 15,000 என்றும் ஆயுளை 4 ஆண்டு என்றும் வைத்தால் ஆண்டுக்கு 3,750. இடி, மின்னழுத்த ஏற்றத்தில் மின்சுற்றுப் பலகை கருகிப்போவது, ரிமோட், கேபிள், மலையேறி வரும் மெக்கானிக்கின் கூலி எல்லாவற்றுக்கும் திரை விலையில் நூற்றுக்கு 5 என்று ஒதுக்கினால் 9,928. மூன்றும் சேர்ந்து ஆண்டுக்கு 14,400 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. 40 பிள்ளைகள் பள்ளியில் இது தலைக்கு நாளொன்றுக்கு 1 ரூபாய் 64 காசுக்குள் அடங்கும். இந்தச் சிறு தொகை இல்லாமல்தான் இரண்டு லட்ச ரூபாய்த் திரை இருண்டு கிடக்கும் நிலை வருகிறது. கரண்ட், பேட்டரி, பழுது எல்லாம் என் உத்தேசக் கணக்கு. பள்ளிகள் தங்கள் பில்லைப் போட்டுத் திருத்திக்கொள்ளலாம்.

இனி இணையம். 10 நிமிடப் பாடம் ஒன்று நடுத்தரத் தெளிவில் ஏறக்குறைய 100 எம்.பி. பிடிக்கும். 30 பிள்ளைகள் அவரவர் வீட்டு போனில் அதைப் பார்த்தால் 3 ஜி.பி. அதையே ஆசிரியர் சிக்னல் கிடைக்கும் இடத்தில் ஒரு முறை இறக்கி வகுப்பில் போட்டால் 100 எம்.பி.யோடு முடிந்தது. ஐந்து பாடங்களுக்குப் பாடத்துக்கு 40 என்று 200 காணொளி எடுத்தாலும் 20 ஜி.பி.தான், சில நூறு ரூபாய் விலையுள்ள 32 ஜி.பி. பென் டிரைவில் ஓராண்டுப் பாடம் மலையேறிவிடும். 2018 முதல் நம் பாடநூல்களில் க்யூஆர் கோடு இருக்கிறது. அதைப் படிக்கும் திக்‌ஷா என்ற அரசின் கல்விச் செயலியில் பெயர் பதியாமல் விருந்தினராகவே நுழையலாம், பாடத்தை இறக்கலாம், இறக்கியதை இணையம் இல்லாமலே இன்னொரு கருவிக்கு அனுப்பலாம்.

டவர் வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. 4ஜி எட்டாத 24,680 கிராமங்களுக்கான 26,316 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை 2022 ஜூலையில் ஒப்புதல் தந்தது, கிராமத்துக்கு 1.07 கோடி ஆகிறது. அது வரட்டும், வரத்தான் வேண்டும். அதுவரை பாடம் ஏன் காத்திருக்க வேண்டும்?

செலவில் எழுதப்படாத பெரிய இனம் ஆசிரியரின் நேரம். ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் உள்ள பள்ளியில் ஒரு காலையை எண்ணிப் பாருங்கள். சின்னப் பிள்ளைகள் எழுத்து அட்டையோடு தரையில் ஒருவரிடம். நான்கு, ஐந்தாம் வகுப்பு மற்றவரிடம், திரைமுன். நீர்ச்சுழற்சிப் படம் ஓடுகிறது. இரண்டாவது நிமிடத்தில் டீச்சர் நிறுத்துகிறார். “காலையில கோமுகிப் பள்ளத்துல நின்ன பனி இப்ப எங்கடா போச்சு?” ஏழெட்டு கைகள் எழுகின்றன. ஒரு பையன் “வெயில் குடிச்சிருச்சு டீச்சர்” என்கிறான். அந்தப் பதிலிலிருந்து ஆவியாதல் தொடங்குகிறது. 10 நிமிடப் படத்துக்கு 40 நிமிட வகுப்பு. இதைத் திட்டமிட முந்தின நாள் அரை மணி நேரமாவது வேண்டும். பெருவில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளைக் கொடுத்தும், கற்பிக்கும் முறையோடு இணைக்காததால் கற்றல் உயரவில்லை என்று யுனெஸ்கோவின் 2023 உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை எழுதியிருக்கிறது. அந்த அரை மணி நேரத்தைப் பதிவேடு நிரப்பும் வேலைக்குப் பிடுங்கிக்கொண்டால் 1,98,561 ரூபாயும் சினிமா கொட்டகைச் செலவாகும்.

பாதுகாப்புக்கு வருவோம். அசர் எனப்படும் கல்விநிலை ஆய்வின் 2024 அறிக்கை, ஊரகத்தில் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளைக் கேட்டது. ஸ்மார்ட்போன் இயக்கத் தெரிந்த 100 பேரில் முந்தைய வாரம் படிப்புக்காகப் பயன்படுத்தியவர்கள் 57 பேர், சமூக ஊடகத்துக்காக 76 பேர். அந்த 76 பேரில் தொல்லை தரும் கணக்கை முடக்கவோ புகார் செய்யவோ தெரிந்தவர்கள் 62 விழுக்காடு. கழித்துப் பார்த்தால் 29 பிள்ளைகளுக்குத் தெரியாது. இதைக் கற்றுத்தர ஒரு பாடவேளை போதும், செலவு பூஜ்யம்.

பிள்ளைகளின் அறியாமை மட்டுமில்லை, பெரியவர்களின் கவனக்குறைவும் இதில் சேரும். திக்‌ஷாவின் சேமிப்பகம் ஒன்று பூட்டில்லாமல் ஓராண்டுக்கு மேல் திறந்து கிடந்ததை 2023 ஜனவரியில் வயர்ட் இதழ் வெளியிட்டது: 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் பெயரும் போன் எண்ணும், ஏறத்தாழ 6 லட்சம் மாணவர்களின் விவரமும். கொரோனா காலத்தில் அரசுகள் பரிந்துரைத்த கல்விச் செயலிகளை 49 நாடுகளில் ஆராய்ந்த ஹியூமன் ரைட்ஸ் வாட்ச், அவற்றில் 89 விழுக்காடு தரவைக் கையாண்ட விதத்தால் பிள்ளைகளின் உரிமைகளை ஆபத்துக்குள்ளாக்கியதாக 2022-இல் சொன்னது. நம் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவரின் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம்.

சட்டம் கண்காணிக்காத இடம் வகுப்பு வாட்ஸ்அப் குரூப். பரிசு வாங்கும் சிறுமியின் படம், பெயர், வகுப்பு, பள்ளிப் பெயர்ப்பலகையோடு 200 பேர் குரூப்பில் ஏறினால் அது 200 போன்களில் இருக்கிறது. அழிக்கச் சொல்லி யாரைக் கேட்பது? முகம் தெரியாத கூட்டப் படம் போதும், பெயர் வேண்டாம், லொகேஷன் அணைந்திருக்கட்டும்.

மலைக்கு மலிவான வழியே பாதுகாப்பான வழியும் என்பது என் தீர்ப்பு. பென் டிரைவில் வரும் பாடம் பிள்ளையின் பெயரைக் கேட்பதில்லை, விளம்பரம் காட்டுவதில்லை, அடுத்த வீடியோவுக்கு இழுப்பதில்லை.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். மலைக்கிராமத்துப் பெற்றோர்களே, அடுத்த கூட்டத்தில் திரை கடைசியாக எந்தத் தேதியில் ஓடியது, பேட்டரிக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறதா, நம் பிள்ளைகளின் படம் எந்தக் குரூப்பில் போகிறது என்று கேளுங்கள். வகுப்புச் சுவரில் 1098, 1930, 14417 ஆகிய எண்களை எழுதி வைக்கச் சொல்லுங்கள். முதலாவது குழந்தைகள் உதவி எண், இரண்டாவது இணையக் குற்றப் புகார் எண், மூன்றாவது நம் பள்ளிக்கல்வித்துறையின் உதவி எண்.