புழு செய்ததும் துரப்பணம் செய்வதும்

காமரூபத்து மன்னன் பாஸ்கரவர்மன், ஹர்ஷவர்த்தனருக்கு அனுப்பிய பரிசுகளைப் பாணபட்டர் 7ஆம் நூற்றாண்டில் ஹர்ஷசரிதத்தில் நீளமாக அடுக்குகிறார். மூங்கில் குழாய்களில் அடைத்த கார் அகில் எண்ணெய் அதில் உண்டு. அகில் மரப்பட்டையில் எழுதிய சுவடிகளும் உண்டு. இரண்டும் ஒரே மரத்தின் கொடைதான். ஆனால் சுவடிக்கு ஆரோக்கியமான மரம் வேண்டும், எண்ணெய்க்கோ நோய் கண்ட மரம் வேண்டும்.

அன்றைய காமரூபமான அஸ்ஸாமில் அந்த மரத்துக்குச் சாசி என்று பெயர். பட்டையை உரித்து, வெயிலில் காயவைத்து, செங்கல்லால் தேய்த்து, உளுந்துப் பசை பூசி, அரிதாரத்தால் மஞ்சள் ஏற்றினால் ஏடு தயார். மைக்குக் கடுக்காய். சத்திரங்கள் எனப்படும் வைணவ மடங்களில் பாகவதமெல்லாம் இந்த ஏடுகளில்தான் வாழ்ந்தது. அச்சு வந்தபின் அந்த வேலை ஒடுங்கிவிட்டது. மஜுலித் தீவின் ஓவியச் சுவடிகள் 2024இல் புவிசார் குறியீடு பெற்றதால் கொஞ்சம் பேச்சு அடிபடுகிறது, அவ்வளவே.

மணத்தின் கதை வேறு. நோயில்லாத சாசிக் கட்டை வெளுத்திருக்கும், கையில் எடுத்தால் லேசாக இருக்கும், வாசனையே இராது. ஒரு வகை அந்துப்பூச்சியின் புழு தண்டைக் குடைந்து உள்ளே போகும். அந்தத் துளை வழியாகப் பூஞ்சை நுழையும். மரம் தன்னைக் காத்துக்கொள்ளப் பிசின் சுரக்கும். ஆண்டுக்கணக்கில் பிசின் ஊறிய பகுதி கறுத்துக் கனத்துப்போகும். நல்ல தரமாயிருந்தால் தண்ணீரில் போட்டதும் மூழ்கிவிடும். தமிழ் வணிகர்களுக்கும் இந்தத் தர பேதம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. சிலப்பதிகாரத்துக்கு உரை சொன்ன அடியார்க்கு நல்லார் அருமணவன், தக்கோலி, கிடாரவன், காரகில் என்று வகை பிரிக்கிறார். முதல் மூன்றும் கீழைக்கடல் நாட்டு ஊர்ப்பெயர்கள். சரக்கு எங்கிருந்து வந்ததோ அதுவே அதற்குப் பெயராகிவிட்டது.

எந்த மரத்துக்குள் கறுப்பு இருக்கிறது என்பதை வெளியிலிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் காட்டுக்குள் போனவர்கள் வெட்டிப் பார்த்தார்கள். வெள்ளைக் கட்டையாக இருந்தால் அடுத்த மரம். வளைகுடா நாடுகளில் பணம் புரளத் தொடங்கியதும் கோடரியின் வேகம் கூடியது. 1995இல் இந்த மரம், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் ஏறியது. 2018இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை மிக அருகிய இனமாக அறிவித்தது.

இன்று சாசியைப் பார்க்கக் காட்டுக்குப் போக வேண்டாம். கோலாகாட், ஜோர்ஹாட் பக்கம் வீட்டுக் கொல்லைகளில் கமுகோடு கமுகாக நிற்கிறது. புழு வரட்டும் என்று காத்திருக்கப் பலருக்குப் பொறுமையில்லை. துரப்பணத்தால் தண்டில் வரிசையாகத் துளையிட்டு, ஆய்வகத்தில் வளர்த்த பூஞ்சைக் கரைசலை ஏற்றுகிறார்கள். பார்க்க எனக்கு அவ்வளவு இதமாக இல்லை. ஆனால், விற்கலாம் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் இத்தனை கன்றுகளை யார் நட்டிருப்பார்கள்?

வெட்டிய மரங்கள் அதே மாநிலத்து ஹோஜாய்க்குப் போகின்றன. கறுத்த கட்டையைச் சிற்றுளியால் கீறி, வெள்ளைப் பகுதியைச் சிம்பு சிம்பாகக் களைவது கண்ணுக்கும் விரலுக்கும் சோதனை. கொஞ்சம் அழுத்தினால் விலை போகிற பகுதியும் சேர்ந்து உதிர்ந்துவிடும். மட்டமான கட்டையைத் தூளாக்கி, நாள்கணக்கில் தண்ணீரில் ஊறவைத்து, புளித்த வாடை கிளம்பியபின் கொப்பரையில் காய்ச்சுகிறார்கள். நீராவி குளிர்ந்து இறங்கும் தண்ணீரின் மேல் படிகிற மெல்லிய படலத்தை வழித்தெடுக்கிறார்கள். அதுதான் அத்தர்க்காரர்களின் ஊத்.

அரபு வீடுகளில் விருந்துக்குப் பின் தணலில் இட்டு ஆடைக்குப் புகை பிடிக்கிற இந்தக் கட்டை, மேற்கத்திய வாசனைப் புட்டிகளுக்குள் பெரிய அளவில் நுழைந்தது அண்மையில்தான். ஈவ் சேன் லொரானின் எம்7 வந்தது 2002இல், டாம் ஃபோர்டின் ஊத் வுட் 2007இல். அதன்பின் ஊத் என்று பெயர் போடாத கடை இல்லை. பெயர் இருக்கிற அளவுக்குச் சரக்கு இல்லை. பெரும்பாலான புட்டிகளில் இருப்பது ஆய்வகத்தில் கூட்டிய சாயல்.

அஸ்ஸாம் அரசு 2020இல் அகிலுக்கென்றே ஒரு கொள்கை வகுத்தது. ஏற்றுமதிக்கு ஆண்டுதோறும் இவ்வளவு என்று ஒன்றிய அரசு அளவு நிர்ணயிக்கிறது, 2024 முதல் புதிய அளவு. சந்தையில் மட்டும் பழைய கணக்கு மாறவில்லை. ஊசி போட்ட மரத்தின் எண்ணெய்க்கு ஆழம் போதாது என்று முகர்ந்து பார்த்து உதட்டைப் பிதுக்குகிற வியாபாரிகள் இருக்கிறார்கள். புழு தானாக விழுந்த முதிர்ந்த மரத்துக்கே இன்றும் கிராக்கி.