ஆய்வு வினா (செவிலியம்)

ஆய்வு வினா என்பது ஓர் ஆய்வு எதற்கு விடை காண முயல்கின்றது என்பதை வரையறுத்துக் கூறும் வினா ஆகும். செவிலிய ஆய்வில் இது பெரும்பாலும் நோயாளியின் படுக்கையருகே எழும் ஓர் ஐயத்திலிருந்து பிறக்கின்றது. யாரை ஆய்வது, எதை அளப்பது, எவ்வளவு காலம் கவனிப்பது என்பவற்றை இவ்வினாவே தீர்மானிக்கின்றது. கிடைக்கும் விடை எந்த நோயாளிக்குப் பொருந்தும் என்பதும் இதனையே சார்ந்துள்ளது.

தலைப்பும் வினாவும்

"முதியோரின் படுக்கைப் புண்" என்பது ஒரு தலைப்பு, வினா அன்று. "நோயாளியை அடிக்கடி திருப்பிப் படுக்க வைத்தால் படுக்கைப் புண் குறையுமா?" என்பது வினாவே எனினும் தெளிவற்றது. அடிக்கடி என்பது எத்தனை மணிநேரத்துக்கு ஒருமுறை? நோயாளி தாமாகப் புரளக் கூடியவரா? அவர் படுத்திருப்பது எவ்வகை மெத்தை? இவை கூறப்படாவிடின், இரு ஆய்வாளர்கள் இவ்வினாவை வெவ்வேறாகப் பொருள் கொண்டு முரண்பட்ட விடைகளைப் பெறக்கூடும்.

பிக்கோ முறை

வினாவைப் பகுத்து அமைப்பதற்குப் பரவலாகப் பயன்படும் முறை பிக்கோ எனப்படுகின்றது. ஸ்காட் ரிச்சர்ட்சனும் உடன் பணியாற்றியோரும் 1995 ஆம் ஆண்டு எழுதிய கட்டுரை இம்முறை பரவக் காரணமாயிற்று. இதன் கூறுகள் பின்வருமாறு:

- நோயாளிகள்: யாரைப் பற்றிய வினா?
- செயல்: அவர்களுக்கு என்ன செய்யப்படுகின்றது?
- ஒப்பீடு: அது எதனோடு ஒப்பிடப்படுகின்றது?
- விளைவு: எது அளக்கப்படுகின்றது?

காலம் என்பது ஐந்தாவது கூறாகச் சேர்க்கப்படுவதும் உண்டு.

எடுத்துக்காட்டு

படுத்த படுக்கையாக இருப்போரை 2 மணிநேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும் என்பது நெடுங்கால வழக்கம். இது செவிலியரின் உழைப்பை மிகுதியாகக் கோருவதோடு நோயாளியின் இரவு உறக்கத்தையும் கலைக்கின்றது. இவ்வழக்கம் தேவைதானா என்ற ஐயத்தை நான்சி பெர்க்ஸ்ட்ராம் தலைமையிலான குழு ஆய்ந்து 2013 ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டது. டர்ன் ஆய்வு என அறியப்படும் இதன் வினாவைப் பின்வருமாறு எழுதலாம்:

"புண் வரும் அபாயம் மிதமாகவோ மிகுதியாகவோ உள்ள, அடர்த்தி மிகுந்த ஃபோம் மெத்தையில் படுத்திருக்கும், 65 அல்லது அதற்கு மேற்பட்ட அகவையுடைய இல்லவாசிகளை 3 அல்லது 4 மணிநேரத்துக்கு ஒருமுறை திருப்பினால், 2 மணிநேரத்துக்கு ஒருமுறை திருப்புவதை விட 3 வாரங்களில் படுக்கைப் புண் கூடுதலாக ஏற்படுமா?"

அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் கனடாவிலும் உள்ள 27 முதியோர் பராமரிப்பு இல்லங்களைச் சேர்ந்த 942 பேர் சமவாய்ப்பு முறையில் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். 2 மணிநேரக் குழுவில் 2.5%, 3 மணிநேரக் குழுவில் 0.6%, 4 மணிநேரக் குழுவில் 3.1% பேருக்குப் புண் ஏற்பட்டது. இவ்வேறுபாடு புள்ளியியல் நோக்கில் குறிப்பிடத்தக்கதன்று. எனவே 3 மணிநேரமே சிறந்தது என்று இதிலிருந்து முடிவு செய்ய இயலாது.

மெத்தையின் வகை வினாவிலேயே இடம்பெற்றிருப்பது கவனிக்கத்தக்கது. பஞ்சு மெத்தையிலோ பாயிலோ படுத்திருப்பவருக்கு இவ்விடை பொருந்தும் எனக் கொள்ள முடியாது. அவ்வாறு கொண்டு திருப்பும் இடைவெளியை நீட்டினால் நோயாளிக்குத் தீங்கு நேரலாம்.

வினாவை மதிப்பிடல்

ஒரு வினா ஆய்வுக்கு உகந்ததா என்பதை ஃபைனர் என்னும் ஐந்து அளவைகளால் சோதிப்பர். அவை செய்யக்கூடியதாதல், ஆர்வமூட்டுதல், புதுமை, அறநெறி, பயன்பாடு என்பனவாகும். சான்றாக, நோயாளிகளில் ஒரு பகுதியினரைத் திருப்பாமலே விட்டு ஒப்பிடும் வினா தெளிவாக இருப்பினும் அறநெறிக்கு ஒவ்வாதது. ஆகையால் அது கைவிடப்பட வேண்டியதாகும்.

பிற வகை வினாக்கள்

எல்லா வினாக்களும் ஒப்பீட்டை வேண்டுவன அல்ல. "படுக்கையில் இருக்கும் தாயை வீட்டில் பராமரிக்கும் மகளின் அனுபவம் எத்தகையது?" என்பது பண்புசார் வினா ஆகும். இதற்கு எண்களால் விடை கூற இயலாது; நேர்காணல் வழியே விடை தேடப்படுகின்றது. இத்தகைய வினாவிலும் யாருடைய அனுபவம், எச்சூழலில் என்பன தெளிவாகக் கூறப்படுதல் வேண்டும்.

இவற்றையும் பார்க்க

- செவிலியம்
- படுக்கைப் புண்
- கருதுகோள்