செம்பு ஏறினால் இரும்பு கெடும்

கலூரில் என் கடைக்கு வரும் பழைய மிக்சியை எடை போட்டு அப்படியே லாரியில் ஏற்ற மாட்டேன். மோட்டாரைக் கழற்றி, உள்ளே சுற்றியிருக்கும் செம்புக் கம்பியை உருவிய பிறகுதான் மிச்சம் இரும்புக் குவியலுக்குப் போகும். செம்புக்கு விலை அதிகம் என்பது ஒரு காரணம். இரும்போடு சேர்ந்து உருகிவிட்ட செம்பைப் பிரித்தெடுக்க எந்த உருக்காலையாலும் லேசில் முடியாது என்பது இன்னொன்று.

மற்ற கலப்புகள் அப்படியில்லை. அலுமினியம் கொஞ்சம் சேர்ந்துவிட்டால், ஆக்சிஜனோடு கூடிக் கசடாக மேலே மிதக்கும், வழித்துவிடலாம். செம்பை எரிக்கப் போனால் இரும்புதான் முந்திக்கொண்டு எரியும். செம்பு கூடிப்போன எஃகைச் சூடாக உருட்டும்போது, செம்பு மேல்தோலடியில் திரண்டு உருகி உள்ளே இறங்கும். கம்பி வெடிப்பு விடும். வீடு தாங்கப்போகிற கம்பியின் தரம் பாதி எங்கள் கடைத் தரையிலேயே முடிவாகிவிடுகிறது.

பிரிப்பதற்கு எங்களிடம் இருப்பது காந்தமும் அரமும் கிரைண்டரும்தான். காந்தம் பிடித்தால் இரும்பு. பிடிக்காமல் பளபளத்தால் நிக்கல் கலந்த எவர்சில்வராக இருக்கலாம். அதற்குத் தனி விலை. குளியலறைக் குழாயை அரத்தால் ஒரு இழுப்பு இழுப்போம். மஞ்சள் தெரிந்தால் பித்தளை. உள்ளேயும் வெள்ளை என்றால் துத்தநாகக் கலவை. கிரைண்டரில் வைத்தால் சாதாரண எஃகு நீளமாக, வெளிச்சமாகப் பொறி விடும். கார்பன் மிகுந்த வார்ப்பிரும்பின் பொறி குட்டை, நிறம் சிவப்பு. வார்ப்பிரும்பு கோவை பவுண்டரிகளுக்குப் போகும். எஃகு, பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டு உலைகளுக்கு.

அந்த உலைகளில் நெருப்பு மூட்டுவதில்லை. உலையைச் சுற்றி, உள்ளே தண்ணீர் ஓடும் செம்புக் குழாய்ச் சுருள் இருக்கும். அதில் பாயும் மின்சாரம் இரும்புக்குள்ளேயே மின்னோட்டத்தைத் தூண்டி, சுமார் 1,600 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றி உருக்கும். கசடை வழித்து, சிலிக்கோ மாங்கனீஸ் சேர்த்து, மாதிரி எடுத்துச் சோதித்து, பில்லட் எனும் எஃகுக் கட்டையாக வார்ப்பார்கள். அதை உருட்டினால் கட்டடக் கம்பி. தாதுவிலிருந்து எஃகு செய்வதோடு ஒப்பிட்டால், 1 டன் பழைய இரும்பு 1.4 டன் இரும்புத் தாதுவையும் 740 கிலோ நிலக்கரியையும் மிச்சப்படுத்துகிறது என்பது உலக எஃகு சங்கத்தின் கணக்கு. அலுமினியத்தில் லாபம் இன்னும் பெரிது: புதிதாகத் தயாரிக்க ஆகும் ஆற்றலில் 5 சதவீதம் அளவே பழையதை உருக்கப் போதும்.

மூடிய சாமான்தான் எங்களுக்குப் பயம். ஷாக் அப்சார்பர், சிறு சிலிண்டர் எதையும் திறக்காமல் அனுப்பக் கூடாது. உள்ளே தங்கிய எண்ணெயோ தண்ணீரோ உலையில் நொடியில் ஆவியாகி வெடிக்கும். உருகிய இரும்பு ஆள்மேல் தெறிக்கும்.

இதைவிடக் கொடுமை 2010இல் டெல்லியில் நடந்தது. டெல்லி பல்கலைக்கழகம் உபயோகமில்லாமல் கிடந்த ஒரு கருவியை ஏலம் விட, அது மாயாபுரி பழைய இரும்புச் சந்தைக்கு வந்தது. பிரித்தவர்களுக்கு உள்ளே கோபால்ட்-60 இருப்பது தெரியாது. கதிர்வீச்சு பட்டுத் தொழிலாளி ஒருவர் இறந்தார். வேறு சிலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள்.

அதனால்தான் கனமான, முத்திரை வைத்த பெட்டி எதைக் கொண்டுவந்தாலும், “இது எங்கேயிருந்து வந்தது?” என்று கேட்பேன். திருட்டுச் சாமான் என்று சந்தேகப்படுகிறேனோ என்று சிலருக்குக் கோபம் வரும். வரட்டும், பதில் சொல்லாதவரின் பெட்டி என் தராசில் ஏறாது.