பீப்பாயில் இருப்பு எவ்வளவு? வட்டக் கணக்கு

இராயபுரம், திருவொற்றியூர் பகுதி வணிகர்களாகிய நமக்கு வட்டிக் கணக்கும் கழிவுக் கணக்கும் விரல் நுனியில் உண்டு. ஆனால், பாதி காலியான பீப்பாயில் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் கண் மதிப்பாகத்தான் சொல்கிறோம். ஆண்டு இருப்புக் கணக்கில் பிழை புகுவது இங்கேதான். இரண்டே அளவுகள் எடுத்தால் இதைச் சரியாகச் சொல்லிவிடலாம்.

பீப்பாயின் உட்புற விட்டம் 56 செ.மீ. என்று கொள்வோம். அதை 22-ஆல் பெருக்கி 7-ஆல் வகுத்தால் சுற்றளவு 176 செ.மீ. பரப்பளவுக்குக் காரி நாயனாரின் கணக்கதிகாரம் எளிய வழி சொல்கிறது. பாதிச் சுற்றளவைப் பாதி விட்டத்தால் பெருக்க வேண்டும். 88 x 28 = 2,464 சதுர செ.மீ.

இதற்குக் காரணம் உண்டு. வட்டமான அப்பளத்தை நடுவிலிருந்து மெல்லிய துண்டுகளாக நறுக்கித் தலைமாற்றி அடுக்கினால் ஏறக்குறைய நீள்சதுரமாகும். அதன் நீளம் பாதிச் சுற்றளவு. அகலம் பாதி விட்டம்.

இனி, சுத்தமான குச்சியை நேராக அடிவரை விட்டு எடுங்கள். 40 செ.மீ. நனைந்திருந்தால், 2,464 x 40 = 98,560 கன செ.மீ. ஆயிரம் கன செ.மீ. ஒரு லிட்டர். ஆகவே இருப்பு 98.56 லிட்டர். கடலை எண்ணெய் லிட்டருக்குச் சுமார் 910 கிராம் என்பதால், எடை சுமார் 90 கிலோ.

விளிம்பையும் சேர்த்து விட்டத்தை 57 செ.மீ. என்று அளந்தால் 102 லிட்டர் என்று வரும். இல்லாத மூன்றரை லிட்டர் ஏட்டில் ஏறிவிடும்! ஆகவே உள்விட்டத்தையே அளக்க வேண்டும்.

22/7 என்பதும் தோராயமே. ஆயினும் 100 லிட்டருக்கு 40 மில்லிதான் கூடும். நமக்கு அது போதும். இதைவிட நுட்பம் தேடியவர் நம் சென்னைத் துறைமுகத்தில் 1912-ல் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்த இராமானுஜன். 1913-ல் வெளியான சிறு கட்டுரையில் 355/113 என்ற பின்னத்தைக் கொண்டு, வட்டத்துக்கு ஏறக்குறையச் சமமான சதுரம் வரையும் முறையைத் தந்தார். 1914-ல் அவர் வெளியிட்ட சூத்திரம் ஒன்றைக் கொண்டு, 1985-ல் கணினியில் 1 கோடியே 70 லட்சம் இலக்கங்களுக்கு மேல் கணக்கிட்டார்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்தக் கணக்கு நம் இருப்பேட்டுக்கு மட்டுமே. வாடிக்கையாளருக்கு முத்திரையிட்ட அளவையிலும் தராசிலும்தான் அளந்து கொடுக்க வேண்டும்.